வெறும் தூம்பா

எங்கள் ஊரை ஊர் என்று சொன்னால் அரூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு சந்தை மைதானம், ஒரு போலீஸ் ஸ்டேஷன், மலையிலிருந்து சாமையும் கடுக்காயும் தேனும் கொண்டுவருகிறவர்களுக்காக நாலு மண்டிக்கடை. அவ்வளவுதான். ஆனால் சாமிக்குக் குறைச்சல் இல்லை. ஊர் நடுவில் மாரியம்மன், சந்தைக்குப் பின்னால் மசூதி, ஏரிக்கரையில் முனியப்பன். கிழக்குக் கோடியில் வேதக்காரத் தெரு, அதன் முடிவில் எங்கள் கோவில். மேற்குக் கோடியில் வேறொரு மிஷன்காரர்களின் ஜெபக்கூடம். அவர்களிடம் ஆர்மோனியம் இருந்தது, எங்களிடம் மாதா சுரூபம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே ஏசுவைத்தான் கும்பிட்டோம், தெருவில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம். சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் பாட்டு நன்றாக இருக்கும். விறகு பொறுக்குகிற சாக்கில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எங்கள் கோவிலுக்குக் கூரை போய் ஓடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சுவர் மண்சுவர். மணி கிடையாது. புளியமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். சாமியார் இங்கே தங்குகிறவர் அல்ல. மாதத்துக்கு ஒரு தடவை மாட்டுவண்டியில் வருவார், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. பிரெஞ்சுக்காரர், தாடி நெஞ்சுவரைக்கும் தொங்கும். தமிழை மூக்கால் பேசுவார், ஆனால் தப்பில்லாமல் பேசுவார். அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் செபம் சொல்லுவார், நாங்கள் பதில் சொல்லுவோம். ஞானஸ்நானமும் கல்யாணமும் சாமியாருக்காகக் காத்திருக்கும். சாவு மட்டும் காத்திருக்காது. அதை உபதேசியாரே முடித்துவைப்பார்.

சாவு என்றதும் தூம்பாவைச் சொல்ல வேண்டும். பிணத்தை வைத்துக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போகிற மரப்பெட்டிதான் தூம்பா. தெருவுக்கே ஒன்றுதான் உண்டு. ஆளைக் குழியில் இறக்கிவிட்டு வெறும் தூம்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து கோவிலுக்குள்ளேயே பின்சுவர் ஓரம் வைத்துவிடுவார்கள், அடுத்த ஆளுக்கு. நான் வந்த வருஷம் பழைய தூம்பா போகிற வழியில் அடிப்பலகை விட்டுப்போய், உள்ளே இருந்த பெரியவரின் கால் வெளியே வந்துவிட்டது. துக்கத்தையும் மறந்து பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். உபதேசியாருக்கு வந்த கோபத்தில் மறுநாளே புதுத் தூம்பா செய்யச் சொல்லிவிட்டார். தெருவில் தச்சுவேலை தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.

பூவரச மரத்தில் செய்தார். எங்கள் வாசலிலேயே இழைத்தார். புதுப் பெண்டாட்டி இருக்கிற வீட்டு வாசலில் சாவுப்பெட்டி செய்கிறானே என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கறுப்பு பூசினார், பக்கத்துக்கு ஒரு வெள்ளைக் குருசு போட்டார். எல்லாம் முடிந்து நிறுத்திப் பார்த்தால் அதன் நாலு கால்களில் ஒன்று கொஞ்சம் குட்டை. தூம்பா ஆடியது. உபதேசியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இவர் அசரவில்லை, ஒரு ஓட்டுச்சில்லை எடுத்து அந்தக் காலடியில் சொருகிவிட்டு, அப்புறமாகச் சரி செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. எப்போதும் ஏதாவது கூலிவேலை இருந்தது. அதற்குள் வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை வந்துவிட்டது.

பட்டாளத்தில் தச்சர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். வேண்டாம் என்று நானும் சொன்னேன், என் மாமியாரும் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை. மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். ரயில் ஏறுகிற நேரத்தில், அழுதுகொண்டிருக்கிற என்னிடம் அவர் சொன்னது என்ன தெரியுமா?

"லீவுல வந்து அந்தக் காலைச் சரி பண்றன். அதுவரிக்கும் ஓட்டுச்சில்லை எவனும் எடுத்துடாம பாத்துக்க."

எனக்கு அப்படி எரிச்சலாக வந்தது. ஆசையாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன்.

பெங்களூருக்குப் போனார், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போனார். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒன்றும் இல்லை. ஆள் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டார். வெகுநாள் கழித்துச் சர்க்காரிலிருந்து ஒரு காகிதம் வந்தது. தபால்காரர் வாசித்துச் சொன்னார்: காணவில்லை. செத்துவிட்டார் என்றும் இல்லை, பிழைத்திருக்கிறார் என்றும் இல்லை. தபால்காரர் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு என் மாமியார் ஒப்பாரி வைத்து அழுதாள். நான் அழவில்லை. அழுதால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டான். அவர் வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால் என்ன நினைப்பார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நானும் மாமியாரும் மண்டிக்காரர் வீட்டுப் புளியை வாங்கிவந்து தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்தோம். எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்கத் தட்டுவோம். பேச்சு இருக்காது. தெருவில் எனக்கு இடமும் இல்லாமல் போய்விட்டது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குப் பூ வைக்க என்னைக் கூப்பிட மாட்டார்கள். முண்டச்சிகளோடு உட்காரவும் விடமாட்டார்கள், கழுத்தில்தான் தாலி இருக்கிறதே. நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெரியும். பெண்கள் பக்கத்தின் கடைசியில், பின்சுவர் ஓரம், தூம்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே யாரும் உட்கார மாட்டார்கள், பயம். எனக்கு என்ன பயம்? அவர் கைபட்ட சாமான் இந்த ஊரில் அது ஒன்றுதான் கண்ணுக்கு எதிரே இருந்தது. உட்காருகிறபோது அந்த ஓட்டுச்சில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு தடவை சாமியார் வந்திருந்தார். காலையில் தண்டவாளம் அடித்ததும் நான் கொஞ்சம் பிந்திப் போனேன். மாமியார் முன்னாலேயே போயிருந்தாள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தூம்பா அதன் இடத்தில் இல்லை. பீடத்துக்கு எதிரே, கோவில் நடுவில் இருந்தது. மேலே கறுப்புத் துணி, சுற்றிலும் மெழுகுவர்த்தி. சாமியாரும் கறுப்பு உடுப்பு போட்டிருந்தார்.

தூர தேசத்தில் செத்துப்போய் உடம்பு கிடைக்காதவர்களுக்கு அப்படிச் செய்வது வழக்கம். உடம்பு இருக்கிற மாதிரியே வெறும் தூம்பாவை வைத்துப் பூசை செய்து, அதைச் சுற்றிவந்து தீர்த்தம் தெளித்து, தூபம் காட்டுவார்கள். சிலோன் தோட்டத்திலும் கோலார் சுரங்கத்திலும் போய்ச் செத்தவர்களுக்கு எங்கள் தெருவில் செய்திருக்கிறார்கள். அந்த மாதம் தெருவில் சாவே விழவில்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தூம்பா இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. இடம் மாற்றியவர்கள் ஓட்டுச்சில்லை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

உபதேசியார் எழுந்து, இன்றைக்குப் பூசை இன்னாருடைய ஆத்துமத்துக்காக என்று என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னார்.

கோவிலில் பெண்கள் எழுந்து பேசுகிற வழக்கம் கிடையாது. எப்படி நடந்தேன் என்று தெரியாது, தூம்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

"சாமி, இது வெறும் பொட்டிங்க. உள்ள யாரும் இல்லீங்க. அவரு சாவலீங்க."

என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உபதேசியார் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து மாமியார் எழுந்து வந்தாள். அவளும் கோவிலில் பேசிப் பழகாதவள்தான்.

"எம்மவன் உத்தரிக்கிற ஸ்தலத்துல வேவறான் சாமி. எல்லாத்துக்கும் பூசை வெக்கறாங்க, அவனுக்கு மட்டும் ஆளில்ல. இவ ஒருத்தி பிடிவாதத்துக்கு அவன் எத்தன நாளு வேவறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதுவரைக்கும் என் தாலியை அறுக்கத்தான் கிழவி அவசரப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன். பூசை முடிந்தால் மறுநாள் அதற்குத்தான் வருவார்கள், அது நிச்சயம். ஆனால் அவள் நினைப்பு அதில் இல்லை. செத்தவன் மோட்சம் போவதற்கு முன்னால் பாவம் தீர நெருப்பில் கிடக்கிறான், பூமியிலிருந்து போகிற செபம்தான் அவனுக்குத் தண்ணீர். மகன் தண்ணீர் கேட்கிறான், மருமகள் தட்டிவிடுகிறாள். அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். எனக்கோ, செத்தவர்களுக்குச் சொல்கிற செபத்தை அவருக்குச் சொன்னால் அவரை நாங்களே கொன்று புதைத்த மாதிரி. அவள் விட்டுக்கொடுத்தால் அவள் மகன் வேவான். நான் விட்டுக்கொடுத்தால் என் புருஷன் சாவார். இதில் யார் இறங்கிவர முடியும்?

சாமியார் உபதேசியாரைப் பார்த்து, "இன்று பெயர் வேண்டாம். ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். பூசை எல்லா ஆத்துமாக்களுக்குமாக நடந்தது. முடிந்தபிறகு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுத் திட்டினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள், இனிமேல் தினமும் சேர்ந்து முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்ல வேண்டும் என்றார். சாமியார் சொன்னால் சொன்னதுதான். அன்று சாயந்திரமே ஆரம்பித்தோம்.

அதிலும் சண்டைதான். ஜெபமாலை முடிகிற வரைக்கும் ஒன்றும் இல்லை, அவள் பாதி சொல்லுவாள், நான் பாதி சொல்லுவேன். கடைசியில் செத்தவர்களுக்காக ஒரு சின்னச் செபம் உண்டு. நித்திய இளைப்பாற்றியைக் கொடும் என்று ஒருத்தர் கேட்க, முடிவில்லாத வெளிச்சம் கிடைக்கட்டும் என்று மற்றவர் பதில் சொல்ல வேண்டும். என் மாமனாருக்காக முதலில் சொல்லுவாள். நான் பதில் சொல்லிவிடுவேன், அந்த மனுஷன் செத்தது உண்மைதானே. அடுத்து மகன் பேரைச் சொல்லி ஆரம்பிப்பாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். அவள் காத்திருப்பாள். மாதா படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பேசாமல் முழங்காலில் நிற்போம். கடைசியில் அவளே பதிலையும் சொல்லிக்கொண்டு, சிலுவை போட்டு எழுந்துவிடுவாள்.

"ஒரு பதிலு சொன்னா வாயில முத்து உதுந்துடுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் கஞ்சி ஊற்றுவாள். கஞ்சியை மட்டும் குறைத்ததில்லை.

கல்லறைத் திருநாளிலும் இதே கதை. அன்று சாயந்திரம் அவரவர் ஆட்களின் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்து நடுவில் நிற்கிற பெரிய குருசடியில் கொளுத்துவார்கள். பட்டாளச் சண்டை நடக்கிற காலத்தில் மெழுகுவர்த்திக்கு எங்கே போவது? எல்லாரும் அகலில் விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றிவைத்தார்கள். இது என்ன கார்த்திகை தீபமா என்று உபதேசியார் முகத்தைச் சுளித்தார், அப்புறம் அவரே தன் அப்பாவுக்கு அகல்தான் வைத்தார். மாமியார் குருசடியில் ஒரு அகல் வைப்பாள். நான் மாமனார் கல்லறையோடு திரும்பிவிடுவேன். வருகிற வழியில் அவள் முன்னால் நடப்பாள், நான் பத்தடி பின்னால் நடப்பேன்.

ஜப்பான்காரனோடு நடந்த சண்டை நின்றது. மொரப்பூரில் ரயில் நின்றால் ஒன்றிரண்டு பட்டாளத்துக்காரர்கள் இறங்கினார்கள். அதற்குள் மொரப்பூரிலிருந்து தருமபுரிப் பக்கம் போன சின்ன ரயிலையே நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்திருந்தார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் தெருவுக்கு யாரும் நடந்து வரவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருத்தர் ஜப்பான்காரன் சிறையிலிருந்து திரும்பியிருக்கிறார் என்று மண்டியில் சொன்னார்கள். புளியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்தோம்.

எலும்பும் தோலுமாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. தச்சரைத் தெரியும் என்றார். சிங்கப்பூரில் ஒரே கொட்டகையில் இருந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கையைத் தூக்கின அன்றைக்குக் காலையில்கூடப் பார்த்தாராம், ஒரு லாரிக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் குண்டு விழுந்தது, ஆளுக்கொரு பக்கம் ஓடினோம், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் மலைப்பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தார் என்பதை நான் பிடித்துக்கொண்டேன். பிறகு பார்க்கவில்லை என்பதை மாமியார் பிடித்துக்கொண்டாள். ஒரே ஆள் சொன்னது, ஒரே நேரத்தில் கேட்டது. அன்றைக்கும் ஜெபமாலை முடிவில் மகன் பேரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சுதந்திரம் வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் கொடி மாறியது, கோவிலில் தண்டவாளத் துண்டுக்குப் பதில் மணி வந்தது. பழைய சாமியார் போய் ஒரு தமிழ்ச் சாமியார் வந்தார். தூம்பாவின் காலைச் சரி செய்துவிடலாம் என்று உபதேசியார் ஒரு தச்சனைக் கூட்டிவந்தார். நான் போய்ச் சத்தம் போட்டேன். அது வேறொருத்தர் வேலை, அவர் வந்து செய்வார் என்றேன். தச்சன் என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அன்றைக்கு எனக்குப் பரிந்து பேசியது யார் தெரியுமா? என் மாமியார்தான். "அது கெடக்கட்டும் வுடுங்க" என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வயிற்றில் கட்டி. சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். சாயந்திரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். அவளால் பதில் சொல்ல முடியவில்லை, உதடு மட்டும் அசைந்தது. முடிந்ததும், மகன் பேரைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போயி பாக்கறன் புள்ள. அங்க இருந்தான்னா நான் பாத்துக்கறன். இல்லீன்னா, நீ பாத்துக்க."

அத்தை, அத்தை என்று அழுதேன். இத்தனை வருஷம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். அவள் என் கையை விடவில்லை. மறுநாள் பொழுது விடிந்ததும் போய்விட்டாள். மகன் செய்த தூம்பாவில்தான் அவளைக் கொண்டுபோனார்கள். கோவிலில் இறக்கி வைத்தபோது குனிந்து ஓட்டுச்சில்லை நானே சொருகினேன்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி தாராளமாகக் கிடைத்தது. இருந்தாலும் நான் அகல்தான் கொண்டுபோனேன். மாமனாருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. மூன்றாவது ஒன்றும் கையில் இருந்தது. அதைப் பெரிய குருசடியில் வைத்து ஏற்றினேன். உபதேசியாருக்கு வயதாகிவிட்டது, தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். மனம் தேறிவிட்டாயா, உன் வீட்டுக்காரருக்கு அடுத்த மாதம் பூசை வைத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"அவருக்கு இல்லீங்க. அத்தை தேடிக்கிட்டு இருப்பாங்க. வெளிச்சம் வேணுமில்லீங்களா?"

நான் வீட்டுக்கு வந்தேன். திரும்புகிற வழியில் எனக்கு முன்னால் யாரும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று நான் சொன்னால், இல்லை என்று எதிர்த்துச் சொல்ல அன்றைக்கு இந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது. அவர் பேரையே மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். விளக்கை ஏற்றி, மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு ஜெபமாலையை நான் ஒருத்தியே முழுசாகச் சொன்னேன். முடிவில் மாமனார் பேரைச் சொல்லி, அவருக்கு இளைப்பாற்றி கேட்டேன். அடுத்து மாமியார் பேரைச் சொல்லிக் கேட்டேன். பதில் சொல்ல ஆள் இருந்த பழக்கத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு பதிலையும் நானே சொன்னேன்.